காரங்களின் விகிதத்தைக் கொண்டு வைரஸின் மரபுப்பொருளை அறிதல்: விடை பொருந்தாதபோது எங்கே பார்ப்பது?

வைரஸ்களின் மரபுப்பொருள் நான்கு வடிவங்களில் அமையக்கூடும்: இரட்டை இழை டிஎன்ஏ, ஒற்றை இழை டிஎன்ஏ, இரட்டை இழை ஆர்என்ஏ, ஒற்றை இழை ஆர்என்ஏ. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் அல்லது யுராசில் ஆகிய காரங்களின் விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுள் எது என்று சொல்லும் முறை எளிதாகவே கற்பிக்கப்படுகிறது. தைமின் இருந்தால் டிஎன்ஏ, யுராசில் இருந்தால் ஆர்என்ஏ; அடினைன் தன் இணையான தைமினுக்கோ யுராசிலுக்கோ சமமாகவும், குவானைன் சைட்டோசினுக்குச் சமமாகவும் இருந்தால் இரட்டை இழை, இல்லையென்றால் ஒற்றை இழை. எர்வின் சார்காஃப் 1950 வாக்கில் கண்டறிந்த சமன்பாடே இதன் அடிப்படை.

இந்த முறை பெரும்பாலும் சரியான விடையைத் தருகிறது. எனினும் அதன் இரு பாதிகளும் ஒரே வலிமை உடையவை அல்ல. தூய்மையான மரபுப்பொருளைச் சரியாகப் பகுத்தறிந்தபின் அடினைனும் தைமினும் தெளிவாக வேறுபட்டால், அது முழுமையான இரட்டை இழையாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அவை சமமாக இருப்பதைக் கொண்டு இரட்டை இழை என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் அச்சமன் வேறு பல வழிகளிலும் ஏற்படக்கூடும். கீழே கூறப்படும் சிக்கல்களில் பல, இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால் எழுபவை.

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்னும், கையில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் துகளிலிருந்து பிரித்தெடுத்த பொருளை வேதிமுறையில் பகுத்துப் பெற்றவையா, தரவுத்தளத்தில் உள்ள வரிசையை எண்ணிப் பெற்றவையா, வரிசையறியும் கருவி தந்த துண்டு வாசிப்புகளிலிருந்து கணக்கிட்டவையா என்பதைப் பொறுத்து ஒரே எண்ணுக்கு மூன்று வெவ்வேறு பொருள்கள் உண்டு.

அறிகுறி: விழுக்காடுகளின் கூட்டுத்தொகை 100 ஆகவில்லை, அல்லது ஒரு காரம் முற்றிலும் காணவில்லை

கணக்குப் பிழை இல்லை என்று உறுதியானபின், இணையற்று நிற்கும் காரம் எது என்று பாருங்கள். குவானைன் நிறைய இருந்து, அதற்கு இணையான சைட்டோசின் சுழியாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால், சைட்டோசினின் இடத்தில் மாற்றம் பெற்ற வேறொரு காரம் அமர்ந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். எஷரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவைத் தாக்கும் டி2, டி4 ஆகிய ஃபேஜ்கள் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்) இதற்குத் தெளிந்த எடுத்துக்காட்டுகள். அவற்றின் டிஎன்ஏவில் சைட்டோசினே இல்லை. அதற்குப் பதிலாக ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின் உள்ளது என்பது 1950களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டது. கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் நிறப்பிரிகையில் அது தனியோர் இடத்தில் வெளிப்படுவதால், நான்கு வழக்கமான காரங்களை மட்டும் தேடும் ஒருவரின் கணக்கில் அது சேர்வதில்லை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் குவானைனுடன் அது சமமாகிவிடும். இரட்டை இழை என்ற முடிவும் நிலைபெறும்.

இதேபோல் எஸ்பிஓ1 ஃபேஜில் தைமினின் இடத்தை ஹைட்ராக்சிமெத்தில்யுராசிலும், நீலப்பச்சைப் பாக்டீரியாவைத் தாக்கும் எஸ்-2எல் ஃபேஜில் அடினைனின் இடத்தை டைஅமினோபியூரினும் பிடித்துக்கொண்டுள்ளன. இவற்றின் வரிசையைத் தரவுத்தளத்தில் பார்த்தால் வழக்கமான நான்கு எழுத்துகளே தென்படும். மாற்றுக் காரங்களை வேதிப் பகுப்பு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: அடினைன் தைமினைவிடவும், குவானைன் சைட்டோசினைவிடவும் கூடுதலாக உள்ளது, இரண்டிலும் பியூரின்களே மிகுகின்றன

இரு இணைகளிலும் சாய்வு பியூரின் (அடினைன், குவானைன்) பக்கமே இருந்தால், முதலில் வைரஸை விட்டுவிட்டுப் பகுப்பாய்வை ஐயுறுவது நல்லது. இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுகின்றன.

முதலாவது, எடை விழுக்காட்டை மோல் விழுக்காடாக எடுத்துக்கொள்வது. சார்காஃப் சமன்பாடு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பற்றியதேயன்றி எடையைப் பற்றியதன்று. குவானைனின் மூலக்கூறு எடை சுமார் 151, அடினைன் 135, தைமின் 126, சைட்டோசின் 111. நான்கும் எண்ணிக்கையில் 25 விழுக்காடாக உள்ள ஓர் இரட்டை இழை டிஎன்ஏவை எடையில் கணக்கிட்டால் அடினைன் 25.8, தைமின் 24.1, குவானைன் 28.9, சைட்டோசின் 21.2 என்று வரும். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் தயக்கமின்றி ஒற்றை இழை என்று எழுதிவிடுவார். ஒவ்வோர் எடையையும் அந்தந்தக் காரத்தின் மூலக்கூறு எடையால் வகுத்து, மீண்டும் நூற்றுக்குக் கணக்கிட்டால் சிக்கல் தீரும். புறஊதா ஒளி உறிஞ்சலை அளக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு காரத்துக்கும் தனித்தனி உறிஞ்சு கெழு உண்டு, ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, முழுமையடையாத நீராற்பகுப்பு. சர்க்கரையுடன் பியூரினை இணைக்கும் பிணைப்பு அமிலத்தில் எளிதில் உடையும். பிரிமிடினை (சைட்டோசின், தைமின், யுராசில்) இணைக்கும் பிணைப்பு உடைவதற்குக் கடுமையான சூழல் வேண்டும். மென்மையான பகுப்பில் அடினைனும் குவானைனும் முழுமையாக வெளிவந்துவிட, மற்றவை ஓரளவு நியூக்ளியோடைடுகளாகவே தங்கிவிடுகின்றன. பகுப்பின் நேரத்தை நீட்டிப் பாருங்கள்: பிரிமிடின் அளவுகள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றால், முதல் அளவீடு அரைகுறையானது என்று பொருள். நியூக்ளியேஸ் பி1, ஃபாஸ்ஃபோடைஎஸ்டரேஸ், ஃபாஸ்ஃபடேஸ் ஆகிய நொதிகளைக் கொண்டு நியூக்ளியோசைடுகளாக உடைத்து நீர்ம நிறப்பிரிகையில் அளப்பது, அமிலத்தைவிட நம்பத் தகுந்த வழி என்பதே என் எண்ணம்.

அறிகுறி: தைமினும் யுராசிலும் ஒரே மாதிரியில் காணப்படுகின்றன

முதல் ஐயம் ஓம்புயிரின் (வைரஸ் தங்கிப் பெருகும் உயிரியின்) ஆர்என்ஏ கலப்பு. செல்லை உடைத்து வைரஸைப் பிரிக்கும்போது ரைபோசோம் ஆர்என்ஏ மிகுதியாக உடன்வரும். இதை நீக்க, துகள்களின் புறவுறை சிதையாத நிலையிலேயே டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் சிதைக்கும் நொதிகளைச் சேர்க்க வேண்டும். வெளியில் உள்ளவை அழிந்துவிடும், உறைக்குள் இருப்பது காக்கப்படும். அதன் பின்பே நொதிகளைச் செயலிழக்கச் செய்து மரபுப்பொருளை எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுப் பெற்ற எந்த எண்ணையும் நான் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதற்கும் அடங்காத விலக்கு ஒன்று உண்டு: அரினாவைரஸ்கள் ஓம்புயிரின் ரைபோசோம்களையே துகளுக்குள் அடைத்துக்கொள்வதால், அவற்றிலிருந்து எடுத்த ஆர்என்ஏவில் ஓம்புயிரின் பங்கும் கலந்தே இருக்கும். அங்கே மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்தபின்தான் விகிதத்தைப் பார்க்க முடியும்.

இரண்டாவது ஐயம், சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறுவது. கடுமையான அமிலச் சூழலில் இது நிகழ்கிறது. இதை எண்களிலிருந்தே கண்டுகொள்ளலாம். அடினைன் தைமினுக்குச் சமமாக இருந்து, சைட்டோசினையும் யுராசிலையும் கூட்டினால் குவானைனுக்குச் சமமாக வந்தால், அந்த யுராசில் சைட்டோசினிலிருந்து பிறந்தது. ஆர்என்ஏ கலப்பு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. அது நான்கு இடங்களிலும் எண்களைக் குலைக்கும்.

அறிகுறி: தைமின் அறவே இல்லை, யுராசில் உள்ளது; ஆயினும் பொருள் டிஎன்ஏ போல நடந்துகொள்கிறது

பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் பிபிஎஸ்1, பிபிஎஸ்2 ஃபேஜ்களின் இரட்டை இழை டிஎன்ஏவில் தைமினின் இடம் முழுவதும் யுராசிலால் நிரப்பப்பட்டிருக்கிறது. இது 1963இல் வெளிவந்த செய்தி. விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது இரட்டை இழை ஆர்என்ஏவாகவே தோன்றும். இங்கே காரத்தை விட்டுவிட்டுச் சர்க்கரையைப் பாருங்கள். டைஃபினைல்அமின் சோதனை டிஆக்சிரைபோஸையும், ஆர்சினால் சோதனை ரைபோஸையும் காட்டும். மாற்றாக, சுமார் 0.3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு முழுதும் வைத்தால் ஆர்என்ஏ நியூக்ளியோடைடுகளாக உடைந்துவிடும். டிஎன்ஏவோ, யுராசில் கொண்டதாயினும், இழைகள் பிரிந்த நிலையில் நீண்ட மூலக்கூறாகவே எஞ்சும்.

இயல்பான செல்களில் டிஎன்ஏவில் நுழையும் யுராசிலை வெட்டியெறியும் நொதி ஒன்று உண்டு. பிபிஎஸ்2 அந்த நொதியைத் தடுக்கும் புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. இன்று மரபணுத் திருத்தக் கருவிகளில் அந்தப் புரதம் பயன்படுகிறது. விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு வைரஸிலிருந்து இவ்வளவு பயனுள்ள கருவி கிடைத்திருப்பது, விலக்குகளைப் பொறுமையாக ஆராய்வதற்குப் போதிய காரணம் என்று கருதுகிறேன்.

அறிகுறி: ஆர்என்ஏ வைரஸ் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் வரிசையில் தைமின் உள்ளது

இதில் பிழை ஏதுமில்லை. ஆர்என்ஏவை டிஎன்ஏ நகலாக மாற்றியே பெரும்பாலும் வரிசை அறியப்படுகிறது. தரவுத்தளங்களும் யுராசிலைத் தைமினின் எழுத்தாலேயே பதிகின்றன. கோவிட் நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 வைரஸின் மேற்கோள் வரிசையில் 29,903 நியூக்ளியோடைடுகள் உள்ளன. அவற்றுள் அடினைன் 8,954, தைமின் என்று எழுதப்பட்டுள்ள யுராசில் 9,594, குவானைன் 5,863, சைட்டோசின் 5,492. டிஎன்ஏவா ஆர்என்ஏவா என்ற கேள்விக்குத் தரவுத்தள வரிசை விடை தராது. பதிவின் தலைப்பில் மூலக்கூறு வகை என்று குறிக்கப்பட்டிருப்பதைப் படியுங்கள்.

அறிகுறி: இரு இணைகளும் சமம், ஆயினும் பிற சான்றுகள் ஒற்றை இழை என்கின்றன

இதுவே இம்முறையின் மிக வழுக்கலான இடம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். சமன் போலியாகத் தோன்றும் வழிகள் குறைந்தது மூன்று உண்டு.

அடினோ-சார்பு வைரஸ் போன்ற சில பார்வோவைரஸ்கள் ஒற்றை இழை டிஎன்ஏ கொண்டவை. ஆனால் ஒரு துகளில் நேரிழையும் மற்றொரு துகளில் அதனுடன் இணையக்கூடிய எதிரிழையும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் அடைக்கப்படுகின்றன. கோடிக்கணக்கான துகள்களை ஒன்றாகப் பகுத்தால் அடினைனும் தைமினும் சமமாகத்தான் வரும். அது மட்டுமன்று, உப்புச் செறிவு மிகுந்த கரைசலில் பிரித்தெடுக்கும்போது இந்த இழைகள் ஒன்றையொன்று தேடி இணைந்து உண்மையான இரட்டை இழையாகவே ஆகிவிடுவதால், சூடேற்றி இழைகள் பிரிவதைப் பார்க்கும் உருகுநிலைச் சோதனையும் தவறான முடிவை உறுதிப்படுத்தும். இங்கே உதவுவது நிறைக் கணக்கு. அடினோ-சார்பு வைரஸின் ஓர் இழை ஏறத்தாழ 4,700 நியூக்ளியோடைடு நீளம் உடையது, நிறை சுமார் 15 லட்சம் டால்டன். பிரித்தெடுத்த மூலக்கூறின் நிறை, ஒரு துகளுக்குள் இருக்கும் டிஎன்ஏவின் நிறையைப் போல் இரு மடங்காக இருந்தால், அவ்விணைப்பு துகளுக்கு வெளியே நிகழ்ந்தது என்பது தெளிவு.

இரண்டாவது வழி, வரிசையறியும் கருவியின் துண்டு வாசிப்புகள். நூலகம் (வரிசையறிவதற்கான துண்டுகளின் தொகுப்பு) தயாரிக்கும் வழக்கமான முறையில் மரபுப்பொருள் எதுவாயினும் இரட்டை இழை டிஎன்ஏ துண்டுகளாக்கப்பட்டு இரு இழைகளும் படிக்கப்படுகின்றன. ஆகவே தர அறிக்கையில் அடினைன் கோடும் தைமின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்வது, வைரஸைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நூலகத் தயாரிப்பைப் பற்றித்தான் சொல்கிறது. துண்டுகளை இணைத்து முழு வரிசையாக்கியபின் எண்ணுங்கள், அல்லது இழைத் திசையைக் காக்கும் நூலக முறையைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வழி, மூலக்கூறு மிகச் சிறியதாகவோ தனக்குள்ளேயே மடிந்து இணைவதாகவோ இருப்பது. வைராய்டு (புரத உறையின்றித் தொற்றும் சிறிய ஆர்என்ஏ) வைரஸ் அன்று; எனினும் பாடத்துக்கு மிகப் பொருத்தமானது. உருளைக்கிழங்குக் கதிர்க்கிழங்கு நோயின் வைராய்டு 359 நியூக்ளியோடைடுகள் கொண்ட வட்ட வடிவ ஒற்றை இழை ஆர்என்ஏ. அதில் அடினைன் 73, யுராசில் 77, குவானைன் 101, சைட்டோசின் 108. விழுக்காட்டில் பார்த்தால் இரட்டை இழை என்றே சொல்லத் தோன்றும். ஆனால் இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் தற்செயலாகவே பத்துப் பன்னிரண்டு வேறுபாடு வரக்கூடும் என்பதால் நான்கு, ஏழு என்ற இடைவெளிகள் எதையும் நிறுவவில்லை. தன்னுள் மடிந்து இணைகளை அமைக்கும் அமைப்பும் எண்களை நெருங்கச் செய்கிறது.

எனவே சமன் கிட்டியவுடன் இரண்டாவது சோதனை ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். டிஎன்ஏவாயின், மெல்லச் சூடேற்றி 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். இரட்டை இழை குறுகிய வெப்ப இடைவெளியில் திடீரென உருகி உறிஞ்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை உயரும், ஒற்றை இழையில் உயர்வு சிறிதாகவும் படிப்படியாகவும் இருக்கும். ஆர்என்ஏவாயின், உப்புச் செறிவு மிகுந்த கரைசலில் ரைபோநியூக்ளியேஸ் ஏ நொதியைச் சேருங்கள். ஒற்றை இழை சிதையும், இரட்டை இழை தாக்குப்பிடிக்கும். உப்புக் குறைந்த கரைசலில் இதே நொதி இரண்டையும் சிதைத்துவிடும் என்பதால், உப்பின் அளவைக் குறிக்காத முடிவுக்கு மதிப்பில்லை.

அறிகுறி: இரட்டை இழை வைரஸ் என்று அறியப்பட்டது; ஆனால் எண்கள் சமமாகவில்லை

எண்கள் தரவுத்தளத்திலிருந்து வந்திருந்தால், அங்கே ஓர் இழை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். லாம்டா ஃபேஜின் வரிசை 48,502 நீளம் கொண்டது. எழுதப்பட்ட இழையில் அடினைன் 12,334, தைமின் 11,986, குவானைன் 12,820, சைட்டோசின் 11,362. இணைகள் சமமாக இல்லை, சமமாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. எதிரிழையையும் சேர்த்து எண்ணினால் அடினைனும் தைமினும் தலா 24,320 ஆகும். எந்த வரிசையையும் இப்படி இரட்டித்தால் சமன் கிட்டிவிடும் என்பதால், இது சோதனையாகவே கொள்ளத்தக்கதன்று.

எண்கள் வேதிப் பகுப்பிலிருந்து வந்திருந்தால், துகளுக்குள் வேறு எதுவும் உடனிருக்கிறதா என்று பாருங்கள். ரியோவைரஸின் மரபுப்பொருள் இரட்டை இழை ஆர்என்ஏ. அதில் அடினைனும் யுராசிலும் தலா 28, குவானைனும் சைட்டோசினும் தலா 22 விழுக்காட்டளவில் உள்ளன. ஆனால் அதே துகளில் குட்டையான ஒற்றை இழைத் துண்டுகளும் ஏராளமாக உள்ளன. துகளின் மொத்த ஆர்என்ஏவில் அவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகும், அவற்றுள் அடினைன் மிகுந்தவை கணிசம். அவற்றைப் பிரிக்காமல் பகுத்தால் அடினைன் யுராசிலைவிட வெகுவாக மிஞ்சி நிற்கும். மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்து, நீண்டவற்றை மட்டும் பகுத்தால் சமன் திரும்பிவிடும்.

கல்லீரல் அழற்சி பி வைரஸில் ஓர் இழை முழுமையடையாமல் நிற்பதால் டிஎன்ஏ ஓரளவே இரட்டை இழையாக உள்ளது. அங்கே சிறிய சமமின்மை இயல்பானது. அதைப் பிழையாகக் கருதித் திருத்த முயல வேண்டாம்.

அறிகுறி: வேறுபாடு இருக்கிறது, ஆனால் ஒற்றை இழை என்று சொல்லப் போதுமானதா என்று தெரியவில்லை

ஃபை எக்ஸ் 174 ஃபேஜை அளவுகோலாகக் கொள்ளலாம்; அதன் டிஎன்ஏ ஒற்றை இழை என்று சின்ஷைமர் 1959இல் காட்டினார். அதன் 5,386 நியூக்ளியோடைடுகளில் அடினைன் 1,291, தைமின் 1,684. அதாவது சுமார் 24க்கு 31.3 விழுக்காடு. எந்த நல்ல ஆய்வகமும் ஏழு புள்ளி இடைவெளியைத் தவறவிடாது. ஆனால் பாக்டீரியாவுக்குள் பெருகும்போது இதுவே இரட்டை இழை வடிவம் எடுக்கிறது. அந்த வடிவத்தில் அடினைனும் தைமினும் தலா 27.6, குவானைனும் சைட்டோசினும் தலா 22.4 விழுக்காடு. மாதிரியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வடிவம் கலந்திருந்தால் இடைவெளி 7.3 புள்ளியிலிருந்து 5.8 புள்ளியாகக் குறையும். ஆகவே எதிர்பார்த்ததைவிடச் சிறிய வேறுபாடு தென்பட்டால் ஓம்புயிர் டிஎன்ஏவையோ பெருகும் வடிவத்தையோ தேடுங்கள். அளவீட்டை மீண்டும் மீண்டும் செய்து பெறும் சிதறலைவிட வேறுபாடு தெளிவாகப் பெரிதாக இல்லாதபோது, ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான விடை.

அறிகுறி: ஓர் இணை மட்டும் சமம்

அடினைன் 33, யுராசில் 27, குவானைன் 20, சைட்டோசின் 20 என்று வந்தால் ஒற்றை இழை ஆர்என்ஏவே. இரட்டை இழைக்கு இரு இணைகளும் சமமாக வேண்டும். ஓர் இணையின் சமன் தற்செயலானது.

அறிகுறி: ஒற்றை இழை ஆர்என்ஏ என்று உறுதியாயிற்று, நேரிழையா எதிரிழையா என்று விகிதம் சொல்லவில்லை

விகிதத்தால் இதைச் சொல்லவே முடியாது. ஓர் இழையின் அடினைன் அளவு அதன் எதிரிழையின் யுராசில் அளவு. எந்த இழை புரதத் தொகுப்புக்கு நேரடியாகப் பயன்படும் (அதுவே நேரிழை) என்பது எழுத்துகளின் வரிசையில் உள்ளதே தவிர, அவற்றின் எண்ணிக்கையில் இல்லை. மரபுப்பொருளின் இரு படிகள் ஒரே துகளில் இருப்பதும் இங்கே குழப்பக்கூடும்: எச்ஐவி துகளில் இரண்டு ஆர்என்ஏ மூலக்கூறுகள் உள்ளன, ஆனால் அவை இரண்டும் ஒரே திசை கொண்ட நேரிழைகள், ஒன்றுக்கொன்று எதிரிழைகள் அல்ல, எனவே அடினைன் மிகுந்த அதன் விகிதம் அப்படியே நீடிக்கிறது.

திசையை அறிய, புரதம் நீக்கப்பட்ட ஆர்என்ஏவை மட்டும் செல்லுக்குள் செலுத்திப் பாருங்கள். புகையிலை மொசைக் வைரஸின் ஆர்என்ஏ தனியாகவே நோயை உண்டாக்கும் என்று 1956இல் காட்டப்பட்டது, அது நேரிழை. தட்டம்மை, இன்ஃபுளுவென்சா போன்ற எதிரிழை வைரஸ்களின் ஆர்என்ஏ தனித்துச் செயல்படாது, துகளுக்குள் உடன்வரும் பாலிமரேஸ் நொதி அதற்குத் தேவை. ஆர்என்ஏ தனித்துத் தொற்றவில்லையென்றால், அது எதிரிழை என்று எழுதுவதற்கு முன், பிரித்தெடுக்கும்போது மூலக்கூறு உடைந்துவிடவில்லை என்பதை மின்புலத்தில் ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒற்றை இழை ஆர்என்ஏ ஓரிடத்தில் அறுந்தாலே தொற்றும் ஆற்றலை இழந்துவிடும்.